சாவியை வைத்துவிட்டுப் போங்கள்

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருகிறவன் அன்று வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், அக்காவின் போனை வைத்துக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மூன்று வருடமாக அவன் விளையாடிவந்த கால்பந்து விளையாட்டு திரையில் திறந்திருந்தது. ஆனால் அவன் விளையாடவில்லை. தன் அணியில் இருந்த ஒவ்வொரு வீரரின் அட்டையையும் திறக்கிறான், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறான், மூடுகிறான், அடுத்ததைத் திறக்கிறான்.

என்னடா என்று கேட்டதற்கு, "நாளையோட மூடுறாங்க மாமா" என்றான். தலையைத் தூக்கவில்லை.

அறிவிப்பை வாங்கிப் படித்தேன். இன்ன தேதியோடு சேவை முடிகிறது. உள்ளே பொருள் வாங்குவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டோம். வாங்கியவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி. இவ்வளவுதான். அந்த அட்டைகளில் நான்கைந்து அவன் பிறந்தநாளுக்கு நான் 800 ரூபாய் கட்டி வாங்கிக் கொடுத்த பொட்டலத்திலிருந்து வந்தவை. மீதி எல்லாம் அவன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரை மணி நேரம் ஆடி ஆடிச் சேர்த்தவை.

"காசு குடுத்துத்தானே மாமா வாங்குனோம்?"

அவன் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

*

எனக்கு விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'கிரிக்கெட் 07'. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். உள்ளே ஆறு கணினி, அவற்றில் நாலாம் நம்பரில்தான் கிரிக்கெட் நன்றாக ஓடும். சனிக்கிழமை காலை அந்த நாற்காலிக்கு வரிசை நிற்கும். இரண்டு பேர் ஒரே கீபோர்டைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடுவோம், ஒருவன் கை இந்தப் பக்கம், இன்னொருவன் கை அந்தப் பக்கம். நேரம் முடிந்தால் அண்ணன் திரையைப் பூட்டிவிடுவார். கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டும் என்று கெஞ்சினால், "சரி, இந்த ஓவர் மட்டும்" என்று திறந்துவிடுவார்.

2006 கடைசியில் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட விளையாட்டு அது. உருவாக்கியது கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் எச்.பி. ஸ்டூடியோஸ். கிரிக்கெட்டுக்குப் பெயர் போகாத ஊரில் உட்கார்ந்து அவர்கள் செய்த விளையாட்டை இந்தியா முழுக்கப் பையன்கள் ஆடினார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளுக்கு மட்டும்தான் முழு உரிமம் வாங்கியிருந்தார்கள். நம் வீரர்களின் பெயர்கள் ஏதோ போலிப் பெயர்களாக இருக்கும். அதை நாங்களே உள்ளே போய்த் திருத்தினோம். அடுத்த வாரம் வந்தால் வேறு எவனோ வேறு மாதிரி திருத்தி வைத்திருப்பான்.

இ.ஏ.வின் கிரிக்கெட் விளையாட்டு வரிசை அதோடு நின்றுபோனது. அடுத்த கிரிக்கெட்டை இ.ஏ. கணினிக்குக் கொண்டுவரவே இல்லை. விற்பனைக் கணக்கில் கட்டுப்படியாகவில்லை போலும். ஆனால் ஆடியவர்கள் விடவில்லை. 2008-ல் ஐ.பி.எல். வந்ததும் யார் யாரோ உட்கார்ந்து ஐ.பி.எல். சட்டைகளை வரைந்தார்கள், மஞ்சள் சட்டை உட்பட. மட்டையின் ஸ்டிக்கர், மைதானம், ஸ்கோர் பலகை, வீரர்களின் முகம் என்று ஒவ்வொன்றாக மாற்றி 'பேட்ச்' என்ற பெயரில் இலவசமாகப் பகிர்ந்தார்கள். வருடாவருடம் ஏலம் முடிந்தால் புது அணிப் பட்டியலோடு புது பேட்ச் வந்துவிடும். கிட்டத்தட்ட இருபது வருடத்துக்குப் பிறகும் அதை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் சென்டரில் ஓடியது அசல் சிடி இல்லை. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அசல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் பின் அலமாரியில் தூசியோடு இருந்த அசல் பெட்டியை வாங்கினேன். 499 ரூபாய் ஸ்டிக்கர் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆடுவதற்காக வாங்கவில்லை. பட்ட கடனைக் கொஞ்சமாவது அடைக்க வேண்டும் என்று தோன்றியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயாரித்த நிறுவனம் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு விளையாட்டு இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது. எப்படி? நிறுவனம் போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. சிடி நம் கையில் இருந்தது, கோப்புகள் நம் கணினியில் இருந்தன, ஆட யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பிறகு வந்த விளையாட்டுகள் பலவற்றில் மாறியது இதுதான்.

*

'தி க்ரூ' கதை இதற்கு நேர் எதிர். 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் வெளியிட்ட கார் ஓட்டும் விளையாட்டு. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் ஐவரி டவர் என்ற ஸ்டூடியோ முன்னின்று செய்தது. அமெரிக்காவை மொத்தமாகச் சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். கிழக்குக் கரையில் கிளம்பி மேற்குக் கரைக்கு நிற்காமல் ஓட்டினால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் மலை, பாலைவனம், பனி, சோளக்காடு எல்லாம் வரும். போட்டியே வேண்டாம், சும்மா இரவில் ஓட்டிக்கொண்டு போனாலே போதும் என்று அதை நேசித்தவர்கள் நிறைய பேர்.

தனியாக ஆடும் கதைப் பகுதியும் அதில் உண்டு. ஆனால் அதை ஆடவும் இணையம் வேண்டும், நிறுவனத்தின் மையக் கணினியான சர்வர் ஓட வேண்டும். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். அன்றோடு கதைப் பகுதியும் போனது, முக்கால் மணி நேரச் சாலையும் போனது. பெட்டியில் தட்டு வாங்கி வைத்திருந்தவர்கள் கையில் இருந்தது வெறும் வட்டத் தகடு. அடுத்த சில நாட்களில் பலருடைய கணக்கிலிருந்து உரிமமே நீக்கப்பட்டது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் எழுத்து அழிந்துபோவது ஒன்று. வீட்டுக்குள் வந்து புத்தகத்தையே எடுத்துப் போவது இன்னொன்று. இங்கே இரண்டும் நடந்தன. அண்மையில் வாங்கியவர்களுக்குத்தான் பணம் திரும்பக் கிடைக்க வழி இருந்தது. பத்து வருடம் கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. வரிசை தலைகீழாக இருக்கிறதைப் பாருங்கள். அதிக நாள் உடன் இருந்தவருக்குத்தான் இழப்பு அதிகம், ஈடு குறைவு.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர் இதை வைத்துத்தான் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். என்றென்றைக்கும் சர்வரை நடத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. மூடும்போது, ஆடக்கூடிய ஒரு நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் நேரடியாக மனு கொடுக்க ஒரு முறை உண்டு. ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து சேர்த்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மனு பல மாதம் பாதியில் தேங்கிக் கிடந்தது. முடியாது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், 2025 ஜூன் கடைசியில் திடீரென்று வேகம் பிடித்து, ஜூலை தொடக்கத்திலேயே 10 லட்சத்தைத் தாண்டியது. ஒரு பழைய கார் விளையாட்டுக்காகத் தொடங்கிய மனு அது. அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது எனக்கு அக்கா மகன் மாதிரி எத்தனை பேர் என்றுதான் தோன்றியது.

நிறுவனங்கள் தரப்பிலும் பதில் வந்தது. யுபிசாஃப்டின் தலைவர் ஈவ் கியெமோ பங்குதாரர் கூட்டத்தில், சேவை என்று ஒன்றைக் கொடுத்தால் ஒரு நாள் அது முடியத்தான் செய்யும், எதுவும் நிரந்தரம் இல்லை என்ற பொருளில் பேசினார். நிரந்தரம் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கும்போது அதைச் சேவை என்று சொல்லி விற்கவில்லையே. கடையில் விலை போட்டு, பெட்டியில் வைத்து, பொருளாகத்தானே விற்றார்கள்? விற்கும் வரை பொருள், விற்ற பிறகு சேவை. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த எதிர்ப்புக்குப் பிறகு 'தி க்ரூ 2'-க்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதியைக் கொடுத்தார்கள், அதுவும் 2025-ல் வந்தது. முதல் விளையாட்டுக்கு ரசிகர்களே சேர்ந்து சொந்தமாக ஒரு மாற்று சர்வரை எழுதினார்கள். அப்படியானால் முடியாத காரியம் இல்லை அது. செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

சந்தையில் காய் வாங்குகிறவர்களுக்குக் கொசுறு தெரியும். அரைக்கிலோ கத்தரிக்காய் எடை போட்டு முடித்ததும், கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பைக்குள் விழும். எங்கள் ஊர் சந்தையில் அம்மா முப்பது வருடமாக ஒரே ஆளிடம்தான் காய் வாங்குகிறாள். அந்த ஆச்சி பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. நாளைக்கும் அம்மா வருவாள் என்று அவருக்குத் தெரியும். வாடிக்கை என்ற சொல்லே அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

விளையாட்டுத் துறையிலும் கொசுறு கொடுத்தவர்கள் உண்டு. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-ல் 'தி விட்ச்சர் 3' வெளியிட்டபோது, வாங்கிய எல்லோருக்கும் 16 சின்னச் சின்னக் கூடுதல் பகுதிகளை இலவசமாகக் கொடுத்தது. ஒரு புது உடை, ஒரு சிறு கதை, ஒரு சிகை அலங்காரம். மற்ற நிறுவனங்கள் இதே மாதிரி துணுக்குகளைத் தனித்தனியே விலை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு காரியத்தால் அவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கைக்கு விலை கிடையாது.

அதே நிறுவனம் ஐந்தே வருடத்தில் அந்த நம்பிக்கையை எடுத்துச் செலவழித்தது. 'சைபர்பங்க் 2077' மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அதற்கு மேல் தள்ள முடியாது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும்தான் கொடுத்தார்கள். பழைய விளையாட்டுக் கருவிகளான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அது எப்படி ஓடுகிறது என்று யாரும் பார்க்க முடியவில்லை. வாங்கியவர்கள் வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகங்கள் முழுதாக வரவில்லை, ஆட்கள் காற்றில் நின்றார்கள், விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. ஆறு மாதம் அங்கே விற்கவில்லை.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒரு எண்ணைத்தான். 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். அந்த முன்பதிவிலேயே தயாரிப்புச் செலவும் விளம்பரச் செலவும் வந்துவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. ஒருவர்கூட ஆடிப் பார்ப்பதற்கு முன்பே போட்ட காசு கைக்கு வந்துவிட்டது. அந்த 80 லட்சம் பேர் யார்? பெரும்பாலும் 'விட்ச்சர் 3' ஆடியவர்கள், அந்தக் கறிவேப்பிலையை மறக்காதவர்கள். பழைய கொசுறின் விலையைத்தான் புதுச் சரக்கின் விலையில் சேர்த்து நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பிறகு அவர்கள் திருத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் உழைத்து 2023 செப்டம்பரில் 2.0 என்ற பதிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஆடுகிறவருக்கு அது அருமையான விளையாட்டு. ஆனால் முதல் நாள் முழு விலை கொடுத்தவர் மோசமானதை ஆடினார், மூன்று வருடம் காத்திருந்து தள்ளுபடியில் வாங்கியவர் நல்லதை ஆடுகிறார். என் நண்பர்களில் பாதிப் பேர் இப்போது எந்த விளையாட்டையும் வெளியாகும் நாளில் வாங்குவதில்லை. 'ஒரு வருஷம் ஆகட்டும்' என்கிறார்கள். நம்பி வந்தவர்களைக் காத்திருக்கப் பழக்கியது இந்த நிறுவனங்கள்தான்.

*

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தால், கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். பெரிய விளையாட்டு ஒன்று மார்ச்சுக்குள் வரும் என்று சொல்லிவிட்டால், வந்தாக வேண்டும். அதன் தரம் எப்படி இருந்தது என்பது அடுத்த காலாண்டின் பிரச்சினை. அதற்குள் முடிவெடுத்தவர் வேறு பதவிக்குப் போயிருப்பார்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. பழைய விளையாட்டிலேயே மகிழ்ச்சியாக இருக்கும் ஆட்டக்காரர் அந்த நிறுவனத்துக்குச் செலவு. சர்வருக்கு மின்சாரம், பராமரிப்பு ஆள், எல்லாம் அவருக்காக. அதோடு அவர் அடுத்த விளையாட்டை வாங்க மாட்டார். ஆக, அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் விசுவாசமான ஆட்டக்காரர் புதுச் சரக்குக்குப் போட்டி. 'தி க்ரூ' மூடப்பட்டபோது அதே வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் விற்பனையில் இருந்தன.

'ஓவர்வாட்ச்' இன்னும் தெளிவான உதாரணம். 2016-ல் பிளிஸார்ட் நிறுவனம் காசுக்கு விற்ற விளையாட்டு. 2022 அக்டோபரில் அதை முழுவதுமாக மூடிவிட்டு அதன் இடத்தில் இலவச 'ஓவர்வாட்ச் 2'-ஐ வைத்தார்கள். இலவசம் என்றாலும் உள்ளே கடை உண்டு. பழையதிலேயே இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லவே வழியில்லை. இரண்டாம் பாகம் என்ற பெயருக்கே நியாயமாக 2019-லிருந்து அவர்கள் காட்டிவந்தது, நண்பர்கள் சேர்ந்து கதையோடு ஆடும் பெரிய பகுதி ஒன்று. 2023 மே மாதம், அந்தத் திட்டம் முன்பு சொன்னபடி வராது என்று அறிவித்தார்கள். பழைய வீட்டை இடித்தாகிவிட்டது, புது வீட்டில் மாடி கட்டப் போவதில்லை என்கிறார் கட்டுபவர். குடியிருந்தவர் எங்கே போவார்?

வருடாவருடம் வரும் விளையாட்டுப் போட்டி விளையாட்டுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இ.ஏ.வின் கால்பந்தில் 'அல்டிமேட் டீம்' என்று ஒரு பகுதி. பொட்டலம் வாங்கிப் பிரித்தால் வீரர் அட்டைகள் வரும், நல்ல வீரர் வருவாரா என்பது அதிர்ஷ்டம். செப்டம்பரில் புதுப் பதிப்பு வந்தால் பழைய அணி அதற்குள் வராது, ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் மொத்த வருவாயில் 70 விழுக்காட்டுக்கு மேல் இப்படி விற்ற பிறகு உள்ளே நடக்கும் தொடர் வியாபாரத்திலிருந்து வந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த, வேறொரு நிறுவனத்தின் 'என்.பி.ஏ. 2கே20' கூடைப்பந்து விளையாட்டின் சர்வர்களை 2021 டிசம்பர் 31-லேயே அணைத்துவிட்டார்கள். இரண்டேகால் வருடம். ஒரு மாணவனின் இளங்கலைப் படிப்புக்கூட அதைவிட நீளம்.

இப்படிப்பட்ட அதிர்ஷ்டப் பொட்டலங்களைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-ல் சொன்னது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அங்கே அந்தக் கால்பந்து விளையாட்டில் காசு கொடுத்துப் புள்ளி வாங்குவது நின்றது. ஒரு சிறிய நாடு கண்டிப்பாகச் சொன்னால் பெரிய நிறுவனமும் கேட்கிறது.

2017-ல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வந்தபோது நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. 60 டாலர் கொடுத்து வாங்கியவர் ஸ்டார் வார்ஸ் கதையின் வில்லன் டார்த் வேடராக ஆட வேண்டும் என்றால் உள்ளே 60,000 புள்ளி சேர்க்க வேண்டும். நாற்பது மணி நேரம் ஆடினால் சேரலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டார். உழைத்துப் பெறும் பெருமித உணர்வுக்காகத்தான் இப்படி வைத்தோம் என்று ரெடிட் என்ற இணைய மன்றத்தில் நிறுவனத்தின் பெயரில் ஒரு பதில் வந்தது. அதற்கு விழுந்த எதிர்ப்பு வாக்குகள் ஆறு லட்சத்தைத் தாண்டி கின்னஸ் பதிவில் ஏறின. வெளியாவதற்கு முந்தைய நாள் காசு வாங்கும் பகுதியையே தற்காலிகமாக எடுத்தார்கள். அந்த ஆறு லட்சம் பேரும் அந்த உலகத்தை நேசித்தவர்கள். வேண்டாம் என்று நினைப்பவர் சத்தம் போட மாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். நிறுவனங்கள் இதை எரிச்சலாகப் பார்ப்பதை விட்டுவிட்டு எப்போது கேட்கத் தொடங்குவார்களோ.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். டெவலப்பர் என்று நாம் பொதுவாகத் திட்டும்போது, குறியீடு எழுதியவரும் ஓவியம் வரைந்தவரும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். தேதியை முடிவு செய்வது அவர்கள் இல்லை, சர்வரை அணைப்பதும் அவர்கள் இல்லை. நான் மென்பொருள் துறையில் இருக்கிறவன். பாதி வெந்ததை இறக்கச் சொல்லும்போது சமைத்தவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடம் உழைத்த விளையாட்டை மூடுகிற அன்று அழுத டெவலப்பர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

*

வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாதா என்றால், நடந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016-ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' வெளியிட்டபோது சொன்னதில் பாதிகூட அதில் இல்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று உலகமே திட்டியது. அவர்கள் விளக்கம் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வருடத்துக்குச் சில பெரிய புதுப்பிப்புகள், எல்லாம் இலவசம், இன்றுவரை. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் உருவாக்கிய 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய விளையாட்டு 2016-ல் வந்தது, எட்டு வருடம் கழித்து 2024 மார்ச்சில்கூட 1.6 என்ற பெரிய புதுப்பிப்பை அவர் சும்மா கொடுத்தார். 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. கொசுறு கொடுத்தால் கடை மூடிவிடும் என்று யார் சொன்னது?

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதிகம் பேருக்குத் தெரியாத 'நாக்அவுட் சிட்டி'. பந்தெறிந்து ஆடும் விளையாட்டு, 2021-ல் வந்தது. உருவாக்கிய வெலன் ஸ்டூடியோஸால் அதைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. 2023 ஜூனில் சர்வரை நிறுத்தினார்கள். நிறுத்தும்போது, கணினியில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும்படி ஒரு பதிப்பை இலவசமாக வெளியிட்டுவிட்டுப் போனார்கள். நடத்த முடியாமல் விளையாட்டை மூடுகிற ஒரு சின்ன ஸ்டூடியோ, போகிற போக்கில் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனது. பெரிய நிறுவனங்களின் சங்கமோ, இப்படிச் செய்வது எல்லா விளையாட்டுக்கும் ஒத்துவராது, செலவு தாங்காது என்கிறது. ஏற்கெனவே கட்டி முடித்ததைப் பிரித்துக் கொடுப்பது கடினம் என்பதை நான் நம்புகிறேன். அதனால்தான் கட்டும்போதே யோசிக்க வேண்டும் என்கிறார்கள் அந்த 10 லட்சம் பேரும். வீடு கட்டுகிறவர் பின்வாசலை முதலிலேயே வரைபடத்தில் போட்டுவிடுவது மாதிரி.

கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்கிறவர்கள், உனக்குக் கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறிய விஷயம்தான். ஆனால் அக்கா மகன் கேட்ட கேள்விக்கு, விற்கும்போதே உண்மையான பதிலைச் சொல்லச் சொல்கிற சட்டம் அது.

*

பொங்கல் லீவுக்கு அக்கா குடும்பம் ஊருக்கு வந்திருந்தது. அம்மா வீட்டுப் பரணில் என் பழைய கணினி இருந்தது. இறக்கித் துடைத்து, மின்விசிறியில் இருந்த தூசியைத் தட்டி, போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறைக்கு எழுந்துகொண்டது. 499 ரூபாய் பெட்டியைத் திறந்து சிடியைப் போட்டேன். கீறல் இருந்தும் படித்தது. கணக்கு தொடங்கச் சொல்லவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, ஒரு நிமிடத்தில் டாஸ் போட்டுவிட்டார்கள்.

அவனுக்கு முதலில் பிடிக்கவில்லை. கிராஃபிக்ஸ் பழசு என்றான். பேட்ஸ்மேன் கை பொம்மைக் கை மாதிரி இருக்கிறது என்றான். மூன்றாவது ஓவரில் ஒரு பந்தைத் தூக்கி அடித்துவிட்டு எழுந்து நின்றான். அதற்குப் பிறகு உட்காரவில்லை. சாப்பிட அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள்.

இடைவேளையில், நிதானமாக, அவசரமே இல்லாத ஒரு குரல் பந்தைப் பற்றி ஏதோ சொன்னது. விளையாட்டின் இன்னொரு வர்ணனையாளர் மார்க் நிக்கோலஸ் பேசி நிறுத்தியதும் அந்தக் குரல்தான் எப்போதும் வரும். நாலாம் நம்பர் கணினியில் நூறு சனிக்கிழமை கேட்ட குரல்.

"யாரு மாமா இந்தத் தாத்தா? நல்லா பேசுறாரு."

ரிச்சி பெனோ என்றேன். ஆஸ்திரேலியா கேப்டனாக இருந்தவர், 2015-ல் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன்.

அவன் திரையைப் பார்த்தான். அடுத்த பந்து வந்துகொண்டிருந்தது.